மேடை, காசு, கூட்டாளிகள்: வாசகர் கேள்வி பதில்

கலையை நம்பிப் பிழைக்க முடியுமா என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது, அதையொட்டிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். நாடகம், நடனம், பாட்டு, பறை என்று எல்லாப் பக்கமிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை சென்னையிலிருந்து. பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் பேட்டையின் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

பெருங்குடி வாசகர்: வயது 31. ஐடி கம்பெனியில் ஒன்பது வருட வேலை. ஐந்து வருடமாக ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நாடகத்துக்கு வந்துவிட ஆசை. மனைவி வேலைக்குப் போகிறார், ஒரு குழந்தை இருக்கிறது. வரலாமா?

வரலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் குழுவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். போன வருடம் எத்தனை ஷோ, டிக்கெட்டில் எவ்வளவு வந்தது, அரங்க வாடகை, லைட், சவுண்ட், செட் ஏற்றி இறக்கிய வண்டி, ஒத்திகை நாட்களில் டீயும் பரோட்டாவும், இதெல்லாம் போக என்ன மிஞ்சியது, மிஞ்சியதில் ஒரு நடிகருக்கு எவ்வளவு வந்திருக்கும். பல குழுக்களில் இந்தக் கணக்கே கிடையாது. டைரக்டர் தன் கையிலிருந்து போடுவார், யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு நாள் அவர் களைத்துப்போய்க் குழுவை மூடிவிடுவார். கணக்கைப் பார்த்த பிறகு உங்களுக்கே தெரிந்துவிடும், மேடை வருமானத்தில் மட்டும் ஒரு குடும்பம் ஓடாது.

இது இன்றைக்கு வந்த நிலைமையும் இல்லை. 1952இல் தொடங்கிய யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்), 1979இல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸ் போன்ற குழுக்கள் சபா என்ற கலை மன்றங்களின் மேடைகளில் வளர்த்த சபா நாடகம் பெரும்பாலும் பகலில் ஆபீஸ் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்களால்தான் நடந்தது. சோ வழக்கறிஞர், கிரேசி மோகன் இன்ஜினியர். இன்னொரு பக்கம், ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு. முழுநேர நடிகர்கள், அன்றாடம் உடலுக்கும் குரலுக்கும் பயிற்சி, தெருக்கூத்திலிருந்து எடுத்துக்கொண்ட அடவுகள், அதாவது ஆட்ட அசைவுகள். அந்த உழைப்பின் பலன் அங்கிருந்து வந்த நடிகர்களின் உடம்பில் இன்றும் தெரிகிறது. ஆனால் அப்படி முழுநேரமாக நடத்த ஃபோர்டு அறக்கட்டளை போன்ற வெளி நிதி தேவைப்பட்டது. வெளி நிதி எந்த நாளும் நிற்கலாம் என்பது அந்த வழியில் நடந்த எல்லோருக்கும் தெரியும். (விஜய் சேதுபதி அங்கே முதலில் சேர்ந்தது கணக்கராக. குழுவுக்குக் கணக்கு எழுத ஒரு ஆள் தேவை என்பதை நான் எப்போதும் சொல்கிறேன், அதை மட்டமான வேலையாக நினைக்காதீர்கள்.)

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாடகம் கற்றுக்கொடுத்த திறமையை வைத்துச் சம்பாதிப்பது. பள்ளிகளில் நாடகப் பயிற்சி, டப்பிங், விளம்பரக் குரல், கம்பெனிகளில் பேச்சுப் பயிற்சி, ஆடியோ புத்தகம். வேலையில் இருக்கும்போதே சனி ஞாயிறுகளில் இவற்றில் ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். அது வீட்டுச் செலவில் பாதியைத் தொடும்போது விடுங்கள், கையில் ஒரு வருடச் செலவுக்குப் பணமும் இருக்கட்டும். அப்புறம் ஒன்று, பலர் மறந்துவிடுவது: வேலையை விட்ட அன்றைக்கே கம்பெனி மருத்துவக் காப்பீடு போய்விடும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். மனைவியிடம் "ஆசை" என்று சொல்லாமல் இந்தக் கணக்கோடு போய் உட்காருங்கள், அவரும் சேர்ந்து ஒரு தேதி குறிக்கட்டும்.

மயிலாப்பூர் வாசகி: பதினான்கு வருடமாக பரதநாட்டியம் ஆடுகிறேன். போன டிசம்பரில் ஒரு சபாவில் மதிய ஸ்லாட் கிடைத்தது. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ஒத்திகை, மேக்கப் என்று 40,000 ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போனது. சபா கொடுத்தது 2,000 ரூபாயும் ஒரு பொன்னாடையும். பார்த்தவர்களில் முக்கால்வாசி என் சொந்தக்காரர்கள். இந்த வருடம் வேறு ஒரு இடத்தில் "டொனேஷன்" கொடுத்தால் மாலை ஸ்லாட் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தால் அடுத்த வருடம் உங்கள் மாணவி அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்க முடியாத வீட்டுப் பெண் ஒருத்தி, உங்களைவிட நன்றாக ஆடுகிறவளாகவே இருக்கலாம், அந்த மேடையை எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

சபா என்பது எப்படி ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஒரு இசை மாநாடும் நடந்தது, அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி வந்தது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் முன்னால், 1900இலேயே தொடங்கிவிட்டது. உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள், அந்தப் பணத்தில் கலைஞருக்குச் சன்மானம் போனது. உறுப்பினர்கள் வயதாகிக் குறைய, அந்த இடத்துக்கு ஸ்பான்சர்கள் வந்தார்கள். டிக்கெட் விற்கும் பெயர்களுக்கு மாலை, இலவச அனுமதியோடு இளையவர்களுக்கு மதியம் என்று ஆகிவிட்டது. ஸ்பான்சரும் கிடைக்காத இடத்தில் கலைஞரின் அப்பாவே ஸ்பான்சர் ஆகிறார். உங்களிடம் டொனேஷன் கேட்பதன் அர்த்தம் அதுதான்.

அதற்காக டிசம்பர் சீசனையே விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு நல்ல வீடியோ கிடைக்கும், மூத்த ஆசிரியர் ஒருவர் பார்க்கலாம், பத்திரிகையில் நாலு வரி வரலாம். அதற்கு ஒரு சீசனுக்கு ஒரு ஸ்லாட் போதும், அதுவும் டொனேஷன் கேட்காத இடத்தில். மற்ற பதினோரு மாதத்துக்கு நீங்களே ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்களைப் போன்ற மூன்று பேர் சேருங்கள். ஒரே வாத்தியக் குழு, ஒரே மாலை, ஆளுக்கு அரை மணி நேரம். செலவு மூன்றாகப் பிரியும், மூன்று பேரின் பார்வையாளர்களும் ஒன்றாக வருவார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு உங்களை இதுவரை பார்த்திராதவர்கள். பெரிய ஹால் வேண்டாம். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் ஒரு வர்ணத்தை, நிகழ்ச்சியின் அந்த நீண்ட உருப்படியை, ஆடிப் பாருங்கள். ஐநூறு பேர் அரங்கில் கடைசி வரிசைக்குக் கை மட்டும்தான் தெரியும். இங்கே, தோழியிடம் கோபமாகப் பேசிக்கொண்டிருக்கும் நாயகியின் கண் ஒரு நொடி வாசல் பக்கம் போய்த் திரும்புவது முன் வரிசைப் பாட்டிக்கும் தெரியும், பின் வரிசைப் பையனுக்கும் தெரியும். சஞ்சாரியில், பாட்டின் ஒரு வரியை அபிநயத்தால் கதையாக விரிக்கும் இடத்தில், என்ன நடக்கிறது என்று ஆடுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லுங்கள். டிக்கெட் வையுங்கள், 200 ரூபாய்கூடப் போதும். இலவசம் என்று போடாதீர்கள். காசு கொடுத்து வருகிறவர்கள் வருவதற்கு முன்பே பார்க்கத் தயாராகிவிடுகிறார்கள்.

நங்கநல்லூர் வாசகர்: நான் மிருதங்கம் வாசிக்கிறேன். கச்சேரிக்கு அழைக்கும்போது பாடுகிறவர் தொகையைச் சொல்வதில்லை. முடிந்ததும் ஒரு கவர் கொடுக்கிறார். என்ன கணக்கு என்று கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பயம். இன்னொரு விஷயம், சில இடங்களில் வரி பிடித்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

கேளுங்கள். அழைப்பு வரும்போதே, "எனக்கு எவ்வளவு, ஒத்திகை எத்தனை, வண்டிச் செலவு சேர்த்தா தனியா" என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலையும் வாட்ஸ்அப்பிலேயே வாங்கிவிடுங்கள். மரியாதையாகக் கேட்கலாம், "அண்ணா, டைரியில் குறித்துக்கொள்ளத்தான்" என்று. இதைத் தப்பாக நினைக்கிற பாடகர் எப்படியும் உங்களுக்குக் குறைவாகத்தான் கொடுக்கப் போகிறார்.

பக்கவாத்தியக்காரர்கள் தனித்தனியாக நிற்பதால்தான் இந்தப் பயம் வருகிறது. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம் எல்லோரும் தனித்தனியாகத்தான் புக் ஆகிறார்கள், பல சமயம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ஆனால் ஊருக்கு ஊர் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. உங்கள் வட்டத்தில் மிருதங்கம், வயலின், கடம், கஞ்சிரா வாசிக்கிற இளையவர்கள் பத்துப் பேர் ஒரு அறையில் கூடி, உள்ளூர்க் கச்சேரிக்கு இதற்குக் கீழே போக மாட்டோம் என்று ஒரு தொகையைப் பேசி முடிவு செய்தால் அடுத்த சீசனுக்குள் நிலைமை மாறும். யாராவது ஒருவர் அவசரத்துக்குக் குறைவாக ஒப்புக்கொண்டால் அவரை ஒதுக்கிவிடாதீர்கள், என்ன கஷ்டம் என்று முதலில் கேளுங்கள்.

வரி விஷயம் எளிது. தொழில்முறைச் சேவைக்குப் பணம் கொடுக்கும் நிறுவனங்கள் ஒரு வரம்புக்கு மேல் போனால் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும், அது உங்கள் பான் எண்ணில் வரவாகிவிடும். மொத்த வருமானம் வரி கட்ட வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம். ரிட்டர்ன் போடாததால் தன் காசை அரசாங்கத்திடமே விட்டுவிடுகிற கலைஞர்கள் நிறைய. வருடா வருடம் தாக்கல் செய்தால் வீட்டுக் கடன் கேட்கும்போதும் அது உதவும். ஜிஎஸ்டி பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள்: செவ்வியல் அல்லது நாட்டுப்புற இசை, நடனம், நாடகம் நிகழ்த்தும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. நம்மில் அதைத் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர்!

வியாசர்பாடி வாசகர்: நாங்கள் எட்டுப் பேர் பறை அடிக்கிறோம், இரண்டு பெண்கள் உண்டு. காலேஜ் விழா, கூட்டம், புத்தக வெளியீடு என்று கூப்பிடுகிறார்கள். "நல்ல நோக்கத்துக்காக, தோழர்" என்று சொல்லிக் காசு தருவதில்லை. கேட்டால், கலையை விற்கிறாயா என்கிறார்கள்.

தம்பி, அந்த விழாவுக்குப் பந்தல் போட்டவர், மைக் செட்காரர், பிரியாணி கொண்டுவந்தவர், இவர்களில் யாரிடமாவது "நல்ல நோக்கம், காசு கிடையாது" என்று சொல்லியிருப்பார்களா? உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்? பறையடிப்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாத கடமையாகச் சுமத்திய பழக்கம் புது வார்த்தையில் வருகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். சமத்துவம் பேசும் மேடையிலேயே இது நடப்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஒரு தொகை முடிவு செய்யுங்கள். எட்டுப் பேருக்கான கூலி, வண்டி, சாப்பாடு, தோல் மாற்றும் செலவு, பறையைக் காய்ச்ச ஒரு இடம், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, கூப்பிடுகிறவர்களுக்கு முதலிலேயே அனுப்புங்கள். பாதித் தொகை முன்பணம். உங்களுக்கே நெருக்கமான காரியம் என்றால், வருடத்துக்கு இத்தனை நிகழ்ச்சி காசில்லாமல் என்று நீங்களாக ஒதுக்கிவைத்து, எதற்குப் போவது என்பதை எட்டுப் பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்த முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும். வருகிற பணத்தை நிகழ்ச்சி முடிந்த ராத்திரியே எல்லோர் முன்னாலும் எண்ணிப் பிரியுங்கள், ஒரு பங்கைக் குழுவுக்கு வையுங்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் அதே பங்கு. ராத்திரி வீடு திரும்ப வண்டிக்கு ஆகும் செலவு பொதுவில்.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. எட்டுப் பேரும் உறுப்பினர் அட்டை வாங்கிவிடுங்கள், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து இவற்றுக்கு உதவி உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் அட்டை கையில் இருப்பது நல்லது. பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் போன்றவற்றில் ஒரு முறை நுழைந்துவிட்டால் வெளி மாவட்டக் குழுக்களின் பழக்கம் கிடைக்கும். அது சம்பளத்தைவிடப் பெரிய லாபம், போன் நம்பர்களை வாங்காமல் வந்துவிடாதீர்கள்.

விருகம்பாக்கம் வாசகி: புதிதாக ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஒத்திகை ராத்திரி பதினொன்று வரை போகிறது. டைரக்டர் "கூச்சத்தை உடைக்க" என்று செய்யச் சொல்லும் சில பயிற்சிகள் எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னால், நடிப்புக்கு நீ லாயக்கில்லை என்கிறார்.

சரியாகப் படவில்லை என்றால் செய்யாதே அம்மா. மேடைக்காக ஒருவர் உன்னைத் தொடும்போது எங்கே, எப்போது, எதற்கு என்று முன்கூட்டியே பேசி, நீ சரி என்ற பிறகுதான் தொட வேண்டும். நல்ல டைரக்டர்கள் இதைச் சண்டைக் காட்சி அமைப்பதுபோலக் கணக்காகச் செய்வார்கள். நடிகையின் கூச்சத்தை அவளுக்கு விருப்பமில்லாமல் உடைத்து எந்த நடிப்பும் வந்ததில்லை.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உங்கள் குழு அதைவிடச் சிறியது என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும், பயிற்சிக்கு வந்தவர் என்றாலும் சட்டம் பொருந்தும். நடந்ததைத் தேதியோடு எழுதிவை. குழுவில் இன்னொரு பெண்ணிடம் பேசு, அவளுக்கும் இதே அனுபவம் இருக்கலாம். அந்தக் குழுவை விட்டால் நாடகமே போய்விடும் என்று நினைக்காதே, இந்த ஊரில் மரியாதையாக ஒத்திகை நடத்தும் குழுக்கள் நிறைய இருக்கின்றன.

குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று முதல் நாளே சொல்லி, அந்த நேரத்தில் முடியுங்கள்.

தாம்பரம் வாசகர்: நண்பர்கள் சேர்ந்து நாடகக் குழு வைத்திருக்கிறோம். ஒத்திகைக்கு இடம் இல்லை. எத்தனை ஷோ போட்டாலும் அதே நாற்பது முகங்கள்தான். எல்லோரும் வேறு குழுக்காரர்கள். புதிதாக ஆட்களை எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் ஷோ எல்லாம் எழும்பூரிலும் ஆழ்வார்பேட்டையிலும் நடக்கிறது என்று நினைக்கிறேன். தாம்பரத்தில் எத்தனை போட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு நாடகம் பார்க்க அங்கிருந்து அவ்வளவு தூரம் யார் வருவார்கள்?

இருக்கிற இடத்தில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூட ஹால், அபார்ட்மென்ட் கம்யூனிட்டி ஹால், மொட்டை மாடி. வாடகைக்குப் பதிலாக அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் இரண்டு வகுப்பு எடுக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், தலைமை ஆசிரியர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வந்தால் அம்மா அப்பா வருவார்கள், அவர்கள்தான் உங்கள் நாற்பத்தொன்றாவது முகம். 2015இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இந்த ஊரில் நிறையப் பேரின் யோசனையை மாற்றியது. பெசன்ட் நகர் கடற்கரையில் மீனவர் குப்பத்துக்குள்ளேயே மேடை, ஒரே மேடையில் கர்நாடக இசையும் பறையும் கூத்தும், மீனவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே மேடை போடுவதற்கு முன்னால் குப்பத்து மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள், அதுதான் முக்கியம். ஒரு பேட்டைக்குள் நாடகம் கொண்டுபோகும்போது முதல் தடவை நாடகத்தோடு போகாதீர்கள். போய் டீ குடியுங்கள், அங்கே ஏற்கெனவே யார் பாடுகிறார்கள், யார் டான்ஸ் குழு வைத்திருக்கிறார்கள், அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர்களுக்கும் அதே மாலையில் இடம் கொடுங்கள்.

ஷோ முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வையுங்கள். பெயர், பேட்டை, போன் நம்பர், இன்றைக்கு எது பிடித்தது, ஒரு வரி. குழுவில் ஒருவருக்கு அந்த நோட்டுதான் வேலை. அடுத்த ஷோவுக்கு மொத்தமாகப் போஸ்டரை ஃபார்வர்ட் செய்யாமல், "போன தடவை அந்தக் கிழவி பாத்திரம் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள், இந்தத் தடவையும் அதே நடிகை வருகிறார்" என்று தனித்தனியாக எழுதட்டும். வேலைதான், ஆனால் ஒரு ஷோவுக்கு இருபது பேருக்கு இப்படி எழுதினால் போதும். இன்ஸ்டாகிராமில் ஆயிரம் லைக் வாங்குவதைவிட இது உங்கள் நாற்காலிகளை நிரப்பும்.

குழு நிற்கும் என்று நம்பிக்கை வந்த பிறகு சங்கமாகப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். பதிவும் வங்கிக் கணக்கும் தணிக்கை செய்த வரவுசெலவும் இல்லாமல் பெரும்பாலான நிதியுதவிகளைக் கேட்க முடியாது. அதைவிட, யார் செயலாளர், யார் பொருளாளர், பிரிந்து போகிறவர் என்ன எடுத்துக்கொண்டு போகலாம், எழுதிய நாடகம் யாருக்குச் சொந்தம் என்று நட்பாக இருக்கும்போதே எழுதிவைக்க அது ஒரு சாக்கு. நான் பார்த்தவரை குழுக்கள் உடைவது கலை பற்றிய கருத்து வேறுபாட்டால் குறைவு, இந்த நாலு கேள்விகளால்தான் அதிகம்.

வில்லிவாக்கம் வாசகி: நான் பாடிய கச்சேரியை யாரோ முழுதாக ரெக்கார்ட் செய்து யூடியூபில் போட்டு, விளம்பரமும் ஓடுகிறது. என்னிடம் கேட்கவே இல்லை.

1994இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது நிகழ்த்துகிறவருக்கும் உரிமை வந்துவிட்டது, இப்போது அது 50 வருடம் செல்லும். உங்கள் அனுமதி இல்லாமல் பதிவு செய்வதும் பரப்புவதும் தவறு. முதலில் அந்தச் சேனலுக்கு எழுதுங்கள், நீக்காவிட்டால் யூடியூபிலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. இனிமேல் சபாவோடு பேசும்போதே "வீடியோ யார் எடுப்பது, எங்கே போடுவது, எனக்கு ஒரு பிரதி" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். ரசிகர் ஒருவர் போனில் எடுத்த மூன்று நிமிடத் துணுக்குக்குச் சண்டை போட வேண்டாம், அது உங்களுக்கு நல்லது.

அம்பத்தூர் வாசகி: மகள் பிளஸ் டூ. இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படிக்கிறேன் என்கிறாள். அவள் அப்பா பி.காம் சேர்க்கச் சொல்கிறார். இதில் சோறு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பதில் கிடைக்கும். பாடகர்களில் பலருக்கு மாதச் செலவு ஓடுவது வகுப்புகளில்தான், கச்சேரிகளில் இல்லை. அதனால் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நாலு பேருக்கு இந்த லீவில் சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பாடம், எடுக்கட்டும். அலுப்புத் தட்டினால் அதுவும் ஒரு பதில்தான்.

இரண்டு பேரும் சண்டை போட வேண்டிய அவசியமில்லை. பி.காமைத் தொலைநிலைக் கல்வியில் படித்துக்கொண்டே இசை படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த பாடகி யாரிடமும் ஏமாற மாட்டாள். 18லிருந்து 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியக் கலாச்சார அமைச்சகம் இரண்டு வருடத்துக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். குரலைக் கெடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கட்டாயப்படுத்திப் பாட வைக்கிற ஆசிரியர் என்றால் ஆசிரியரை மாற்றுங்கள்.

புதுப்பேட்டை வாசகர்: 63 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் நாடக மேடையில் இருந்தேன். இப்போது முட்டி போய்விட்டது, யாரும் கூப்பிடுவதில்லை. ஏதாவது வழி உண்டா?

ஐயா, உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்தது, மற்றவர்கள் எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பம் கொடுங்கள். பழைய நோட்டீஸ், பத்திரிகைத் துணுக்கு, மேடைப் படங்கள், குழுக்காரர்களின் சான்று, எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். எதுவும் பத்திரமாக இல்லை என்றால் உங்களோடு நடித்தவர்களின் வீட்டில் கேளுங்கள், யாராவது ஒருவர் வைத்திருப்பார். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம். முட்டி அறுவை சிகிச்சை பற்றி அரசு மருத்துவமனையில் கேளுங்கள், ராஜீவ் காந்தி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

அப்புறம், மூன்று கேள்விக்கு மேலே இருக்கும் தாம்பரம் குழுவிடம் உங்களைப் பற்றிச் சொல்லலாமா? அவர்களுக்கு வசன உச்சரிப்பும் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை குரல் கொண்டுபோவதும் சொல்லிக்கொடுக்க ஒருவர் தேவைப்படுவார். உட்கார்ந்துகொண்டே செய்யலாம். வகுப்புக்கு இவ்வளவு என்று தொகை பேசி, ஆட்டோ செலவையும் அவர்களே கொடுக்க வேண்டும் என்று நானே எழுதிக் கேட்கிறேன். சம்மதம் என்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள்.